இடது கையைக் கேட்காதே

லெஸ்டரில் நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரு வாக்கியத்தை நாள் முழுக்கச் சொல்கிறார்கள். "ஐ டோன்ட் கெட் இட், மிஸ்." எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். தண்ணீர் குடித்துவிட்டு வரட்டுமா என்று கேட்பதுபோல வெகு சாதாரணமாகச் சொல்கிறார்கள். பயமும் இல்லை, தலைகுனிவும் இல்லை. ஒன்று பென்சிலைக் கடித்துக்கொண்டே சொல்லும், இன்னொன்று ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே சொல்லும். வந்த புதிதில் ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேர் சேர்ந்தாற்போல் இதைச் சொல்லவும், பெரியவர்கள் யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். விக்கிரமங்கலத்தில் படித்து, பெரம்பலூர்ப் பக்கம் பி.எட். முடித்து, அரியலூரில் ஐந்து வருஷம் பாடம் எடுத்தவள் நான். எங்கள் பக்கத்தில் புரியவில்லை என்பது வகுப்புக்குள் பேசுகிற பேச்சே இல்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், பார்த்தாயா வெள்ளைக்காரன் படிப்பை என்று உடனே ஆரம்பித்துவிட வேண்டாம். நான் அதற்காக எழுதவில்லை. என்னைப்போல இங்கே வந்து சேர்ந்தவர்களும், ஆமாம், நம்மூரில் எல்லாமே மோசம்தான் என்று தலையாட்ட வேண்டாம். இரண்டு ஊரிலும் எனக்கு நடந்தது ஒரே சண்டைதான். ஒன்றில் தோற்றதாக எழுதி வைத்தார்கள், இன்னொன்றில் ஜெயித்ததாக எழுதி வைத்தார்கள். இரண்டு தடவையும் நான் செய்தது ஒன்றேதான் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தாத்தா காலம்வரை எங்கள் வீட்டில் எல்லோரும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கணிதத்தில் பட்டம் வாங்கி, தொண்ணூற்று ஆறில் பி.எட். சேர்ந்தேன். தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். உளவியல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் பாடம் தொடங்குகிறது. அதை நான் முழுசாக நம்பினேன். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன், நல்ல மார்க்கும் போட்டார்கள். அதே காலேஜில் மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று நடக்கும். நாங்கள் ஒருவருக்கொருவர் ஐந்து நிமிஷம் பாடம் நடத்த வேண்டும், மற்றவர்கள் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற என் வகுப்புத்தோழி ஏழாம் வகுப்புச் சிறுமியாகக் கைகட்டி உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பட்டுப்பட்டென்று பதில் சொல்லுவாள். எங்களில் ஒருத்தர்கூடப் பதில் தெரியாத பிள்ளையாக நடித்ததில்லை. அப்படி நடித்தால் பாடம் நடத்துகிறவளுக்கு மார்க் குறையும்.

அதற்குப் பிறகு நாற்பது நாள் டீச்சிங் ப்ராக்டிஸ். என்னை வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மேற்கே மலை தெரியும். சுற்றிலும் மானாவாரிக் காடு, பருத்தியும் சோளமும். அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் சரோஜா எனக்குக் கைடு டீச்சர், அதாவது என் வகுப்பைப் பார்த்துத் திருத்த வேண்டியவர். நல்ல மனசு. மதியம் எனக்கும் சேர்த்துக் குழம்பு கொண்டு வருவார். ஆனால் நான் வந்த மறுநாளே ஏழாம் வகுப்பை என் கையில் கொடுத்துவிட்டு, தேங்கிக் கிடந்த ஆபீஸ் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். புடவை மடிப்புக்குப் பின் குத்திக்கொண்டு, சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் நான் தனியாக நின்றேன்.

அந்த அறுபதில் ஒருத்தி மலர்க்கொடி. கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காருவாள். பருத்தி எடுக்கிற நாட்களில் வரமாட்டாள். பின்னங்களின் வகுத்தல் நடத்திக்கொண்டிருந்தேன். தலைகீழாக்கிப் பெருக்கு என்கிற விதியை வகுப்பே பாட்டாகப் பாடும். மலர்க்கொடி மட்டும் வாயை அசைக்க மாட்டாள். இண்டர்வெல்லில் அவளைக் கூப்பிட்டு, என்ன புரியவில்லை என்று கேட்டேன். தெரியாது டீச்சர் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. என்ன தெரியாது என்பதே அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பயிற்சியின் கடைசியில் கமிஷன் வரும். வெளியிலிருந்து வருகிற தேர்வாளர்களுக்கு அந்தப் பெயர். பின்னால் உட்கார்ந்து நம் வகுப்பைப் பார்த்து மார்க் போடுவார்கள். அதில் பெயில் என்றால் வருஷமே போச்சு. அப்பாவால் இன்னொரு வருஷம் என்னைப் படிக்க வைத்திருக்க முடியாது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தயாராக இருந்தார்கள், நான் டீச்சர் ஆகிவிட்டுத்தான் கழுத்தை நீட்டுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். கமிஷனுக்கு முதல் நாள் சரோஜா டீச்சர் வகுப்புக்கு வந்தார். நான் மறுநாள் நடத்தப்போகிற பாடத்தை அன்றைக்கே ஒரு தடவை நடத்தச் சொன்னார். எந்தக் கேள்விக்கு யார் எழுந்திருப்பது என்று முடிவு பண்ணினார். பிறகு பிள்ளைகளிடம் சொன்னார்.

"நாளைக்குப் பெரியவங்க வராங்க. டீச்சர் கேள்வி கேட்டா எல்லாரும் கையத் தூக்கணும். பதில் தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. வெளங்குச்சா?"

வகுப்பு மொத்தமும் விளங்கிச்சு டீச்சர் என்றது. இது அவர்களுக்குப் புதுசில்லை. என்னைப் பார்த்துத் தணிந்த குரலில், "நீ வலது கையப் பாத்துக் கேளும்மா. இடது கையக் கேக்காதே. அவ்வளவுதான், ஒனக்குப் பாஸு" என்றார்.

எனக்கும் அது புதுசில்லை. விக்கிரமங்கலத்தில் நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அன்றைக்கு நான் இடது கை. ஒரு வகுப்பே கை தூக்கியிருக்கிறது என்று வந்தவர் மகிழ்ந்துபோய் எழுதிவிட்டுப் போனார். எனக்குக் கை வலித்ததுதான் மிச்சம். அடுத்த நாள் எங்கள் வாத்தியார் வேறு பாடத்துக்குப் போய்விட்டார். நேற்று இடது கை தூக்கினாயே, உனக்கு என்ன தெரியாது என்று யாரும் கேட்கவில்லை. பிறகு எப்படியோ தட்டுத்தடுமாறி நான் கணக்குப் படித்தேன். என் பெஞ்சில் இருந்த மற்ற இடது கைகள் எட்டாவதோடு நின்றுபோனார்கள். சரோஜா டீச்சர் பேசி முடித்ததும் எனக்கு வந்தது கோபம். அவர்மேல் இல்லை. காலேஜில் மார்க் கொடுத்த வாக்கியத்தைப் பள்ளிக்கூடத்தில் செய்தால் மார்க் போகும் என்கிற இந்த ஏற்பாட்டின்மேல்.

கமிஷனில் இரண்டு பேர் வந்தார்கள். இளநீர் குடித்துவிட்டுப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைப் பாடத்துக்குள் இழுக்கிற ஊக்குவித்தல் கேள்விகளை நான் முடித்து, பாடத் தலைப்பை எழுதி, ஆறு வட்டங்கள் ஒட்டிய சார்ட்டை மாட்டினேன். ஆறை அரையால் வகுத்தால் என்ன வரும் என்று கேட்டேன். அறுபது கைகள் எழுந்தன. முன்வரிசையில் வலது கைகள் விறைப்பாக நின்றன. பின்னால் இடது கைகள் கொஞ்சம் தணிவாக. கேட்க வேண்டிய பெயர் எனக்குத் தெரியும். வாயில் வந்த பெயர் மலர்க்கொடி.

அவள் எழுந்து நின்றாள். இடது கையை அவசரமாகக் கீழே போட்டாள். கதவோரம் நின்ற சரோஜா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

"தெரியாது டீச்சர்" என்றாள்.

"பரவால்ல. எது தெரியல, அதச் சொல்லு."

சார்ட்டில் இருந்த வட்டங்களைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "வகுத்தா கொறையணும்ல டீச்சர்? நேத்துப் பன்னெண்டுன்னாங்க, அது எப்புடி வருது? கூடுதுல்ல?"

அந்த வகுப்பில் தலைகீழாக்கிப் பெருக்கப் பழகிய அத்தனை பேரும் தாண்டிப் போன இடத்தில் அவள் ஒருத்தி நின்றுகொண்டிருந்திருக்கிறாள். என் பாடக்குறிப்பில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நான் சார்ட்டைக் கழற்றி மேசைமேல் போட்டேன். முந்தின வாரம் முழுக்க உட்கார்ந்து வண்ணம் தீட்டிய ஆறு வட்டங்களையும் பிய்த்து எடுத்தேன். "இது ஆறு கொய்யான்னு வச்சுக்க. ஆளுக்குப் பாதி குடுக்கணும். எத்தன பேருக்கு வரும்?" என்று கேட்டபடி முதல் வட்டத்தைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன். மற்ற ஐந்தையும் அவளே கிழித்தாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது ஆளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி, "பாதியாக்குனா ஆளு கூடுது டீச்சர்" என்றாள். வலது கை தூக்கிய ஒரு பையன், அப்படியா என்று வாய்விட்டுக் கேட்டான். அதுவரை அவனுக்கும் தெரியாது. அப்போது மணி அடித்துவிட்டது. பாடத்தொகுப்பு, மதிப்பீடு, வீட்டுப்பாடம் எதற்கும் நேரம் இல்லை.

வந்தவர்களில் மூத்தவர் கோபப்படவில்லை. "பிள்ளைங்களத் தயார் பண்ணலையாம்மா? பாடம் முடியலயே. துணைக்கருவியக் கிழிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சிடுச்சுங்க சார்" என்றேன். "அது சரிம்மா, அதுக்கு இந்த மார்க் ஷீட்டுல கட்டம் இல்லைல்ல" என்றார். சரோஜா டீச்சர் அன்றைக்கு என்னோடு சாப்பிடவில்லை. மறுநாள் குழம்பு கொண்டு வந்தார். எனக்கு ஊற்றிவிட்டுத் தன் டப்பாவோடு ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டார்.

தியரியில் காலேஜிலேயே முன்வரிசை மார்க். செய்முறையில் நூலிழையில் பாஸ். டீச்சிங் ப்ராக்டிஸ் முடிந்து நாங்கள் காலேஜுக்குத் திரும்பியபோது ரெக்கார்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டார்களே தவிர, அங்கே என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் ஒரு தீவு, காலேஜ் ஒரு தீவு, நடுவில் எங்களை ஏற்றி இறக்கிய டவுன் பஸ் மட்டும்தான் பாலம். மார்க்கைப் பார்த்த அப்பா, "நீ சொல்லிக் குடுக்கப் போனியா, சண்ட போடப் போனியா?" என்று கேட்டார். ரெண்டுக்கும்தான்ப்பா என்றேன். அவர் சிரித்துவிட்டார். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த மார்க்குக்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.

ஆனால் அது என் பின்னாலேயே வந்தது. அரியலூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆனது. கணவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர், லெஸ்டரில் வேலை கிடைத்ததும் இரண்டாயிரத்து மூன்றில் இங்கே வந்தோம். இங்கே என் பி.எட். செல்லாது, மறுபடியும் பயிற்சி எடுக்க வேண்டும் என்றார்கள். வாரத்தில் நாலு நாள் பள்ளிக்கூடத்தில் வேலை, ஒரு நாள் யூனிவர்சிட்டியில் வகுப்பு. அதில் சேர்வதற்கு ஒரு நேர்காணல். டெப்ரா என்கிற பேராசிரியை என் சான்றிதழ்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறந்தது திருச்சி மாவட்டம், படித்தது பெரம்பலூர் மாவட்டம், வேலை பார்த்தது அரியலூர் மாவட்டம். "நிறைய இடம் மாறியிருக்கிறீர்கள்போல" என்றார். நான் மாறவில்லை, மாவட்டம்தான் மாறியது என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கினால் அன்றைய பொழுது போய்விடும் என்று விட்டுவிட்டேன். அடுத்ததாக, தியரியில் இவ்வளவு மார்க், செய்முறையில் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார்.

உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். கணவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். டெப்ராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நேர்காணல் நடத்திய இன்னொருவர், அந்தப் பிள்ளைகள் எல்லாம் இடது கையால் எழுதுகிறவர்களா என்று அக்கறையோடு விசாரித்தார். டெப்ரா வேறு மாதிரி புரிந்துகொண்டார். "அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்று தெரிந்தே அத்தனை பேர் முன்னால் எழுப்பிவிட்டீர்களா? அவளுக்கு அவமானமாக இருந்திருக்காதா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "அவளுக்குத் தெரியாது என்பது அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவளைக் கேட்காமல் விட்டதுதான் அவமானம்" என்றேன். என் இங்கிலீஷ் அன்றைக்குத் தடுமாறியது, குரல் தடுமாறவில்லை. டெப்ரா சான்றிதழ்களை அடுக்கி என்னிடம் நீட்டிக்கொண்டே, எப்போது சேர முடியும் என்று கேட்டார்.

இந்த ஊர்ப் பயிற்சியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. யூனிவர்சிட்டி நாளில் முதல் கேள்வியே, இந்த வாரம் உன் வகுப்பில் எது சரியாகப் போகவில்லை என்பதுதான். அதிலிருந்துதான் அன்றைய பாடம். பழக்கதோஷத்தில் நான் முதலில் புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தேன். டெப்ரா கையமர்த்தி, அது புத்தகத்தில் இருக்கிறது, உங்கள் வகுப்பில் என்ன இருக்கிறது என்றார். என்னிடம் யாராவது கேட்பார்களா என்று ஒன்பது மாதம் பெரம்பலூரில் நான் காத்திருந்த கேள்வி அது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுகை வந்தது. இதைக் கேட்க என்ன பெரிய வசதி வேண்டியிருக்கிறது என்று ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அதற்காக இவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டெப்ரா என் வகுப்பைப் பார்த்துப் பாஸ் போட வேண்டிய நாள் வந்தது. பள்ளியில் எனக்கு வழிகாட்டி கிரெக். சிரித்த முகம், எப்போதும் கையில் டீக்கோப்பை. அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, நாளைக்கு உன் வகுப்பில் புதிதாக வந்திருக்கும் நாலு பேரையும் லைப்ரரிக்கு அனுப்பிவிடலாம், உனக்குப் பாடம் தடங்கலில்லாமல் போகும் என்றார். நாலு பேரும் அப்போதுதான் இந்த நாட்டுக்கு வந்தவர்கள், இங்கிலீஷ் சரியாக வராது. அவர்களில் ஹோதன் என்கிற சோமாலியப் பெண் ஹாலந்து வழியாக வந்தவள், டச்சு மொழியில் முணுமுணுத்து எண்ணுவாள். வேண்டாம், அவர்கள் இருக்கட்டும் என்றேன். கிரெக் நான் அவர்களுக்காக வருத்தப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டு, "கவலைப்படாதே, லைப்ரரியில் அவர்களுக்கு பிஸ்கட் கிடைக்கும்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. சரோஜா டீச்சர் குழம்பு ஊற்றினார், இவர் பிஸ்கட் கொடுக்கிறார். அங்கே இடது கை என்றார்கள், இங்கே லைப்ரரி என்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். "இது என் பரீட்சை. யாரும் வெளியே போகமாட்டார்கள்" என்றேன். கிரெக் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் குறையெண்ணைக் குறையெண்ணால் பெருக்கினால் ஏன் மிகையெண் வருகிறது என்பதில் ஹோதன் பிடித்துக்கொண்டாள். ஏன், ஏன் என்று அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு விடாமல் கேட்டாள். அவளை நடக்க வைத்து, திரும்பி நிற்க வைத்து, அப்படியே பின்பக்கமாக நடக்க வைத்து, முதலில் போன பக்கமேதான் போகிறாய் என்று காட்டி, வகுப்பே எழுந்து நடந்து, பாடம் பாதியில் நின்றது. நேரம் போதவில்லை என்று டெப்ராவும் எழுதினார். வேப்பந்தட்டைப் பக்கம் எழுதிய அதே குறை. கீழே இன்னொரு வரியும் இருந்தது. அடுத்த வாரம் யூனிவர்சிட்டி வகுப்பில் இந்தப் பாடத்தையே எடுத்துப் பேசுவோம். பாஸ்.

இந்தக் கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது நான் படித்த காலேஜில் பயிற்சி மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டார்கள். ஆசையாகப் போனேன். அவர்கள் டீச்சிங் ப்ராக்டிஸ் முடித்து வந்திருந்த நேரம். டெப்ரா கேட்ட கேள்வியை நம் பிள்ளைகளிடம் தமிழில் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். வாசலில் கோலம், மேடையில் வெல்வெட் நாற்காலி, பொன்னாடை. முதல்வர் என்னை லண்டன் கல்வியாளர் என்று அறிமுகப்படுத்தினார். லெஸ்டர் என்று திருத்தினேன், கைதட்டலில் அது கேட்கவில்லை. பிறகு மாணவிகள் ஒவ்வொருவராக எழுந்து கேள்வி கேட்டார்கள். கேள்விகள் அழகாக இருந்தன. மூன்றாவதுக்குள் எனக்கு விளங்கிவிட்டது. யார் எதைக் கேட்பது என்று நேற்றே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்து, கமிஷன் நான்தான்.

"நீங்க போன ஸ்கூல்ல ஒங்களுக்கு எது வரல? அதச் சொல்லுங்க" என்று கேட்டேன். எல்லோரும் முதல்வரைப் பார்த்தார்கள். நான் மேடையை விட்டு இறங்கிக் கடைசி பெஞ்சுக்குப் போய், கொஞ்சம் தள்ளிக்கம்மா என்று சொல்லி ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்த பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது. முன் பெஞ்சும் எழுந்தது, அதற்கு முன் பெஞ்சும். "உக்காருங்கம்மா" என்றேன். பரவால்லங்க மேடம் என்றாள் பக்கத்தில் இருந்தவள். "நான் விக்கிரமங்கலம்தாம்மா." தெரியுங்க மேடம் என்றாள், ஆனால் உட்காரவில்லை. முதல்வர் பதறிப்போய், "நீங்க மேல வாங்க மேடம், அப்பத்தான் இவங்க உக்காருவாங்க" என்றார்.

நான் போகவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து அவர்களோடு நின்றேன். கேட்ட கேள்வியை நான் மறுபடி கேட்கவும் இல்லை, வாபஸ் வாங்கவும் இல்லை. கடைசியில் பக்கத்தில் இருந்தவள், முதல்வர் இருந்த பக்கம் பார்க்காமல், "எனக்கு ஒரு க்ளாஸு வரவேயில்லைங்க மேடம்" என்று ஆரம்பித்தாள். சத்தமாச் சொல்லும்மா என்றேன். மேடையில் எனக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. பெஞ்சுகளும் காலியாக இருந்தன. அவள் சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.